எந்த லாரியிலும் ஏறாத கோப்பு

மாநிலத்தை இரண்டாகப் பிரிப்பது என்று முடிவானபோது மலை, ஆறு, காடு எல்லாவற்றையும் மேலிடத்தில் ஒரே மத்தியானத்தில் பிரித்துவிட்டார்கள். தலைமைப் பதிவறையின் தட்டுமுட்டுச் சாமான்களைப் பிரிக்கத்தான் ஒன்பது மாதம் பிடித்தது.

ஐந்தில் மூன்று பங்கு கீழ்ப்புறத்துக்கு, இரண்டு மேல்புறத்துக்கு என்பது கணக்கு. கீழ்ப்புறம் பழைய மாநிலம். மேல்புறம், பதினோரு வருஷம் ஊர்வலம் போய், கடையடைத்து, தண்டவாளத்தில் படுத்து வாங்கிய புது மாநிலம். புதுசுக்குத் தலைநகரம் கட்டி முடிகிறவரை இரண்டு அரசாங்கமும் ஒரே கட்டடத்தில் குடித்தனம். அதற்காக நடுக்கூடத்துத் தரையில் சிவப்பாக ஒரு கோடு போட்டார்கள். மின்விசிறி இருபத்தைந்து இருந்ததால் சண்டையில்லாமல் பிரிந்தது. ஏணி ஒன்றே ஒன்று, பதினைந்து படி. ஒன்பதாம் படியோடு அறுத்து, நெட்டையானதைக் கீழ்ப்புறமும் குட்டையானதை மேல்புறமும் எடுத்துக்கொண்டன. அதற்குப் பிறகு மேல்தட்டில் இருக்கிற கோப்பு எந்த மாநிலத்துக்கும் எட்டவில்லை. சுவர்க்கடிகாரத்தை அறுக்க மனம் வராமல், மூன்று நாள் கோட்டுக்கு இந்தப் பக்கம், இரண்டு நாள் அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி மாட்டினார்கள். மாட்டுகிற கடைநிலை ஊழியர், மாநிலம் விட்டு மாநிலம் போய்வந்ததற்குப் பயணப்படி கேட்டு மனுக் கொடுத்தார். அந்த மனு எந்த மாநிலத்துக்கு உரியது என்பது இன்றுவரை பரிசீலனையில் இருக்கிறது.

இதையெல்லாம் பார்த்துக் கட்டடமே சிரித்தது. பதிவறைக் காப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அலுவலகத்தில் முடிச்சு என்று பெயர். கோப்புக்கட்டுக்கு அவர் போடும் முடிச்சை அவரைத் தவிர வேறொருவர் அவிழ்த்ததாகச் சரித்திரம் இல்லை. ஒரு மந்திரி பல்லால் கடித்து இழுத்துப் பார்த்து, கடைசியில் பல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போனார் என்பார்கள். முப்பத்தொரு வருஷ சர்வீஸ். ஓய்வுக்கு எட்டு மாதம் பாக்கி.

மூன்றாம் அலமாரியில் இருந்த ஒரு கோப்புதான் அவரைச் சிரிக்கவிடவில்லை. மேலட்டையில், பாலத்துத் துப்பாக்கிச் சூடு, ஒருவர் இறப்பு, விசாரணை என்று எழுதியிருக்கும். அந்த ஒருவர் அவருடைய அக்கா மகன். இருபத்திரண்டு வயது. மேல்புறத்துக் கொடியைப் பிடித்துக்கொண்டு பாலத்தின் மேல் நடந்து போனவன், நடுத்தூண் வரைக்கும்தான் போனான். சுடச் சொன்னது யார் என்று விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். குழு கலைந்து கோப்பு ஆயிற்று.

பிரிவினை ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. போராட்டக் காலத்து வழக்குகள், கோப்பு எந்த மாநிலத்திடம் ஒப்படைக்கப்பட்டாலும், ஒப்படைக்கும் அன்றே முடித்துவைக்கப்படும். கசப்பை மறந்து இரண்டு மாநிலமும் அண்ணன் தம்பியாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் போட்ட வரி அது.

அக்காவுக்குத் தையல் வேலை. கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்கு அடியில் மிஷின் போட்டிருந்தாள். முடிச்சு போய் விஷயத்தைச் சொன்னபோது அவள் மிஷினை நிறுத்தவில்லை.

“தியாகிங்க கல்லுல அவன் பேரை வெட்டப் போறாங்க அக்கா. பெரிய கல்லு. இருபத்துமூணாவது பேரு.”

“வெட்டட்டும். சுடச் சொன்னவன் பேரை எந்தக் கல்லுலடா வெட்டுவாங்க?”

முடிச்சு கீழே கிடந்த துணித்துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு மாநிலம் வேண்டாம், மாலை வேண்டாம். அந்த ஒரு பேரு வேணும். உன் அறையிலதானே இருக்கு அந்தக் காகிதம்? அது போச்சுன்னா எல்லாம் போச்சு, தம்பி.”

கோப்புகளைப் பங்கு போட வந்த அதிகாரிக்கு வகிடு என்று பெயர் வைத்திருந்தார்கள். உச்சந்தலையில் நூல் பிடித்ததுபோல் வகிடு எடுப்பார். ஒரு முடி எல்லை தாண்டி நின்று யாரும் பார்த்ததில்லை. நாற்பதாயிரம் கோப்புகளையும், சம்பவம் எந்தப் பக்கம் நடந்ததோ அந்தப் பக்கத்து லாரி என்று பிரித்துக்கொண்டே வந்தவர், பாலத்துக் கோப்பில் வந்து முட்டிக்கொண்டார். நடுத்தூண்தான் எல்லை. போலீஸ் கடிதத்தின்படி, விழுந்தவனின் தலை மேல்புறத்திலும் கால் கீழ்ப்புறத்திலும் இருந்தன. தலையைப் பார்ப்பதா, காலைப் பார்ப்பதா என்று இரண்டு மாநிலத்துக்கும் எழுதிக் கேட்டார். இரண்டுமே மற்றதைப் பார்க்கச் சொல்லிப் பதில் போட்டன.

“நாளைக்குக் காலைல சீட்டுக் குலுக்கிப் போட்டுடலாம் முடிச்சு சார். எந்த லாரில ஏறினா என்ன?”

“எதுல ஏறினாலும் வழக்கு முடிஞ்சிடும் சார்.”

“அதுக்குத்தானே நாம உக்காந்திருக்கோம்!”

முடிச்சு அன்று விதிப்புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அலமாரியில் உள்ள கோப்புகளைப் பிரிக்க வேண்டும் என்றுதான் அதில் இருந்தது. வாசிப்புச் சீட்டுப் போட்டு எடுத்துக் கொடுத்த கோப்பு அலமாரியில் இல்லாத கோப்பு. இறந்தவரின் நெருங்கிய உறவினர் கேட்டால் சீட்டுப் போட்டுக் கொடுக்கலாம். சீட்டுக்குப் பதினைந்து நாள் ஆயுள். படித்து முடியவில்லையென்றால் நேரில் வந்து கையெழுத்துப் போட்டு நீட்டித்துக்கொள்ளலாம். எத்தனை முறை என்று எழுத, அந்த விதியை எழுதியவர் மறந்துபோயிருந்தார்.

மறுநாள் சீட்டுக் குலுக்க வகிடு டப்பாவோடு வந்தபோது, வாசிப்பு மேசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். முன்னால் கோப்பு திறந்திருந்தது.

வாசிப்பு மேசை சிவப்புக் கோட்டின் மேலேயே கிடந்தது. தேக்குமேசை, நகர்த்த எட்டு ஆள் வேண்டும். நாலு பேர் கீழ்ப்புறம், நாலு பேர் மேல்புறம் என்று ஆளைச் சேர்த்தால் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள் என்பதால் அப்படியே விட்டாயிற்று. அலமாரிகள் காலியாகின, லாரிகள் போயின, விசிறிகள் இறங்கின. அந்த ஒரு கோப்பு மட்டும் அந்த மேசையில் நின்றது. ஒவ்வொரு பதினைந்தாம் நாளும் அக்கா வருவாள், விரலை நாவில் தொட்டுத் தாளைப் புரட்டுவாள், சாயந்திரம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள். மூன்றாவது மாநிலம் என்று ஊழியர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். பரப்பளவு ஒரு மேசை, மக்கள்தொகை ஒன்று. அதற்கு யார் முதலமைச்சர் என்று கேட்டபோது, சீட்டுப் போடுகிற முடிச்சுதான் என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. போராட்டம், ஊர்வலம், தண்டவாளம் எதுவுமில்லாமல் கிடைத்த ஒரே மாநிலம் உலகத்திலேயே அதுதான்.

முடிச்சு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அவள் விரல் போவதையே பார்த்துக்கொண்டிருப்பார். அக்காவுக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. தாளைத் தடவிப் பார்க்கத்தான் வருகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். ஒருமுறை, “நான் வாசிச்சுக் காட்டட்டுமா அக்கா?” என்று கேட்டார்.

“நீ இதுவரைக்கும் இதைத் திறந்து பாத்திருக்கியா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அப்ப நீ வாசிக்க வேண்டாம்.”

இப்படியே ஏழு மாதம் ஓடியது. முடிச்சின் ஓய்வுக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. புதுத் தலைநகரம் தயாராகிவிட்டது, கட்டடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவோடு வகிடு வந்தார். வெளியே கடைசி லாரிகள் இரண்டு, இரண்டு பக்கத்து வாசலிலும் நின்றன.

“அம்மா, ஏழு மாசமா ஒரே கோப்பைப் படிக்கிறீங்க. எத்தனாவது பக்கம் வந்திருக்கு?”

“அம்பத்தேழு சார்.”

“போன மாசம் கேட்டப்பவும் அம்பத்தேழுதானே சொன்னீங்க?”

“அங்கயே நின்னுபோச்சு. எழுத்துக் கூட்டித்தானே படிக்கிறேன்.” அவள் கோப்பை அவர் பக்கம் மெதுவாகத் திருப்பினாள். “கண்ணாடி வேற கொண்டுவரல. இந்த ஒரு பக்கத்தை மட்டும் வாசிச்சுக் காட்டிட்டீங்கன்னா நான் எழுந்து போயிடறேன் சார். உங்களுக்கும் வேலை முடியும்.”

கண்ணாடி அவள் மடியில் இருந்த பைக்குள்தான் இருந்தது. அரைமணி முன்பு அவள் அதைக் கழற்றி உள்ளே வைத்ததை முடிச்சு பார்த்திருந்தார்.

அரசாங்க அலுவலகத்தில் அதிகாரிகள் கோப்பைத் திறக்க மாட்டார்கள். அட்டையைத் தடவுவார்கள், கையில் எடை பார்ப்பார்கள், தட்டில் வைத்து அடுத்தவருக்கு அனுப்புவார்கள். திறந்து படித்துவிட்டால், படித்தேன், மேற்கொண்டு இன்னது செய்ய வேண்டும் என்று குறிப்புத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. வகிட்டுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் நரைத்த தலையோடு ஒரு பெண்பிள்ளை கெஞ்சிக் கேட்கும்போது, ஒரு பக்கம்தானே என்று உட்கார்ந்துவிட்டார்.

“இறந்தவர் உடலிலிருந்து எடுக்கப்பட்டவை,” என்று வாசிக்க ஆரம்பித்தார். “சீப்பு ஒன்று. பேருந்துச் சீட்டு ஒன்று, போகவர எடுத்தது. கட்டம் போட்ட சட்டை ஒன்று. சட்டையில் மூன்றாவது பொத்தான் மட்டும் நீல நூலால் தைக்கப்பட்டுள்ளது.”

“வெள்ளை நூல் தீந்துபோயிருந்துச்சு,” என்றாள் அக்கா. “வந்ததும் மாத்தித் தைச்சுத் தர்றேன்டான்னேன். நான் தைக்கிறவ சார். எம் பையன் அப்படிப் போனான்.”

வகிடு விட்ட வரியை விரலால் தேடிப் பிடித்துத் தொடர்ந்தார். “மேற்படி நாளில் கூட்டத்தை நோக்கிச் சுடும்படி வாய்மொழியாக உத்தரவிட்டவர்…” பக்கம் அங்கே முடிந்தது. அவர் தாளைப் புரட்டினார். “என்று கண்டறியப்பட்டாலும், காலத்தின் தேவை கருதி மேல்நடவடிக்கை அவசியமில்லை.”

திரும்பப் புரட்டினார். ஐம்பத்தேழு. மறுபடி முன்னால் புரட்டினார். ஐம்பத்தொன்பது.

கடிகாரம் அன்று மேல்புறத்தில் தொங்கியது. இருந்தாலும் அதன் சத்தம் இரண்டு மாநிலத்துக்கும் கேட்டது.

“எனக்கு எழுத்துதான் தகராறு சார்,” என்றாள் அக்கா. “நம்பரு நல்லாத் தெரியும். முப்பது வருஷமா டேப்பு பிடிக்கிறேன். அரை இஞ்சு குறைஞ்சாலும் கண்ணு நின்னுபோகும்.”

வகிடு முதல் அட்டையைத் திறந்தார். உள்பக்கத்தில் சான்று ஒட்டியிருந்தது. தாள்கள் நூற்றுப் பன்னிரண்டு, முழுமை. அடியில் கையெழுத்து.

“இது யாரோட கையெழுத்து?”

“என்னோடதுதான் சார்,” என்றார் முடிச்சு.

“எண்ணிப் பாத்துத்தானே போட்டீங்க?”

முடிச்சு எழுந்து நின்றார். உலகத்தில் எந்தப் பதிவறைக் காப்பாளரும் தாளை எண்ணுவதில்லை. கடைசித் தாளின் எண்ணைப் பார்த்து எழுதுவார்கள். நாற்பதாயிரம் கோப்பை எண்ணினால் மூன்று பிறவி வேண்டும்.

“கடைசித் தாளைப் பாத்துப் போட்டேன் சார்.”

“உங்க சொந்த அக்கா மகன் கோப்பு!”

“அதனாலதான் சார். உள்ள திறக்கக் கை வரல.”

அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். “எப்ப பாத்தே அக்கா?”

“மூணாவது தடவை வந்தப்ப.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா உனக்குத் தூக்கம் போயிடும். எனக்குத்தான் ஏற்கெனவே போயிடுச்சே, என்னோடவே இருக்கட்டும்னு விட்டேன்.” அவள் முந்தானையால் மேசையைத் துடைத்தாள், மேசையில் ஒன்றும் சிந்தியிருக்கவில்லை. “நான் சொன்னா தையல்காரி புலம்பல். நீ சொன்னா தாய்மாமன் புலம்பல். வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் உக்காந்து வாசிக்கணும்னு காத்துக்கிட்டிருந்தேன்.”

முடிச்சு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். சான்றில் நூற்றுப் பன்னிரண்டை ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே நூற்றுப் பதினொன்று என்று எழுதினார். முழுமை என்ற சொல்லையும் அடித்தார்.

“முடிச்சு சார், அதுல கையெழுத்துப் போட்டா பொய்ச் சான்று கொடுத்தேன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. இருபது நாள்தான் இருக்கு உங்களுக்கு. ஓய்வூதியத்துல கை வைப்பாங்க.”

“தெரியும் சார்,” என்று சொல்லித் தேதியோடு கையெழுத்துப் போட்டார்.

இனி வகிட்டின் முறை. குறிப்புத்தாளை முன்னால் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார். வெளியே இரண்டு லாரிக்காரர்களும் ஹாரன் அடித்தார்கள். அவருடைய தலையில் ஒரு முடி எல்லை தாண்டி நெற்றியில் விழுந்தது. அவர் அதை ஒதுக்கவில்லை. கடைசியில் எழுதினார்: படித்தேன். தாள் எண் 58 காணப்படவில்லை. முழுமையற்ற கோப்பை எந்த மாநிலமும் பெற்றுக்கொள்ள விதி இல்லை. அன்று பாலத்தில் பணியில் இருந்த அலுவலர் அனைவரிடமிருந்தும் அத்தாளின் நகலை, இல்லையேல் எழுத்துமூல வாக்குமூலத்தை வரவழைக்க.

லாரிகள் கோப்பு இல்லாமலே கிளம்பின. சுவர்க்கடிகாரம் எந்த லாரியில் போயிற்று என்று யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த பதினைந்தாம் நாள் அந்தப் பெரிய கட்டடத்தில் மிச்சமிருந்தது அந்த மேசையும், சீட்டுப் போட ஒரு தற்காலிகக் குமாஸ்தாவும்தான். வாக்குமூலம் கேட்டுப் பத்தொன்பது பேருக்குக் கடிதம் போயிருந்தது. இரண்டு பேர் தங்களுக்கு ஞாபகமறதி என்று பதில் எழுதியிருந்தார்கள். இரண்டையும் குமாஸ்தா, முடிச்சு அவிழாததால் நாடாவை அப்படியே பக்கவாட்டில் உருவிக் கழற்றி, நூற்றுப் பன்னிரண்டாம் தாளுக்குப் பின்னால் சேர்த்து, ஒவ்வொரு தாளாகத் தொட்டு எண்ணி, சான்றைத் திருத்தி, நாடாவைத் திரும்ப மாட்டினார்.

முடிச்சு அன்று வேலையில் இல்லை. இடைநீக்கத்தில் இருந்தார். இருந்தாலும் வழக்கமான நேரத்துக்கு வந்தார். குமாஸ்தாவிடம் வாசிப்புச் சீட்டு ஒன்று கேட்டு வாங்கினார். உறவுமுறை என்ற இடத்தில் தாய்மாமன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டுக்கு அவரே போட்ட முடிச்சு. அவிழ்க்க அவருக்கே கொஞ்ச நேரம் ஆயிற்று. முதல் தாளை எடுத்தார்.

அக்கா பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“கொஞ்சம் தள்ளி உக்காருடா. வெளிச்சத்தை மறைக்கிறே.”