ஏழு கட்டையில் ஒரு பிடிவாதம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு டெல்ஃபின் கஸ்நாவின் உதடு வெடித்தது. கச்சேரி மதியம் மூன்று மணிக்கு. டிரம்பெட்டை மடியில் போட்டுவிட்டு, கைக்குட்டையில் ஒட்டியிருந்த ரத்தத்தை எவாரிஸ்டிடம் நீட்டினான்.

"பாத்தியா? நாலு வாரமா ஏழு கட்டையில ஊதி ஊதி வந்த லட்சணம்."

"லாரோக் ஊதலையா? அவருக்கென்ன இரும்புலயா உதடு?" கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டான் எவாரிஸ்ட் ரிஷோ. வாத்தியக் குழுவின் தலைவன் என்றால் இரக்கம் இருக்கக் கூடாது என்று யாரோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

எல்லாம் அந்த இசைத்தட்டு செய்த வேலை. நான்கு மாதத்துக்கு முன்னால், எவாரிஸ்டின் வீட்டுப் பரணில் பழைய கார்னிவல் உடுப்புகளுக்கு அடியிலிருந்து அகப்பட்டது. 1931இல் சங்கத்து விருந்து ஒன்றில் யாரோ சொந்தப் பதிவுக் கருவி வைத்துப் பிடித்த அலுமினியத் தட்டு. ஊதியிருப்பவர் ஓனெசிம் லாரோக். இந்த ட்ரெமே பேட்டையில் அந்தப் பெயரைச் சொன்னால் டிரம்பெட்காரர்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். எதிராளி விரலைப் பார்த்துத் திருடிவிடுவான் என்று கைமேல் துணியைப் போட்டு மூடிக்கொண்டு ஊதிய மனிதர். எந்த இசைத்தட்டுக் கம்பெனிக்கும் பாடி, சாரி, ஊதிக் கொடுக்காதவர்.

ஆகவே தட்டை வழக்கமான எழுபத்தெட்டுச் சுற்று வேகத்தில் சுழலவிட்டதும் பாட்டு ஏழு கட்டைச் சுருதியில் ஓடியபோது, ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. டிரம்பெட்டில் ஏழு கட்டை என்றால் விரல் பின்னிக்கொள்ளும், உதடு கிழியும். "வேணும்னேதான் அங்க ஊதியிருக்காரு. எவனும் திருடக் கூடாதுன்னு!" என்று எவாரிஸ்ட் கண் கலங்கினான். வேறு ஊரில் இப்படி ஒரு தட்டு கிடைத்திருந்தால் முதலில் பிளேயரைச் சந்தேகித்திருப்பார்கள். இங்கே பெருமைதான் முந்திக்கொள்கிறது.

டெல்ஃபின் பதினெட்டு வருஷமாக இந்தக் குழுவில் ஊதுகிறான். முன்னால் வந்து நின்று தனியாக ஊத அவனுக்கு வாய்த்த ஒரே பாட்டு இது. அதைத் தவறவிட அவனுக்கு மனமில்லை. ஆனால் பிழைப்புக்குப் பஸ் ஓட்டும்போது அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தவனுக்கு ஒன்று உறைத்தது. விருந்தில் சாப்பிட்டுவிட்டு ஆடுகிற ஜனம் இந்த வேகத்துக்கு எப்படி ஆடும்? நெஞ்சு அடைத்துப் போகாதா?

போன செவ்வாய்க்கிழமை எவாரிஸ்டின் வீட்டுக்குப் போய், பிளேயரின் வேகத் திருகை அவனே பிடித்து இறக்கினான். பாட்டு ஐந்தரைக் கட்டையில் வந்து உட்கார்ந்தது. அடடா! தாளம் இடுப்பை ஆட்டியது, டிரம்பெட் சிரித்துக்கொண்டே பேசியது. இந்தப் பக்கத்துப் பழைய குழுக்கள் எல்லாம் புரண்டு விளையாடிய கட்டை அது. டெல்ஃபினுக்கு அழுகையே வந்துவிட்டது.

பாட்டின் நடுவே ஒரு குரல் கூவியது: "ஊது ராசா, ஊது!"

எவாரிஸ்ட் எட்டி பிளேயரை நிறுத்தினான். முகம் செத்துவிட்டது.

"இது ஆம்பளக் குரல்டா."

"அதனால என்ன?"

"அதனால என்னவா? அது ஸெனோபி அத்தை குரல்னு ஊர் பூரா சொல்லியிருக்கேன். எங்க அம்மாவ வளத்தவ. இடுப்பு ஒடிஞ்சு முதியோர் இல்லத்துல கிடக்குற அம்மா, அந்தக் குரலக் கேக்கத்தான் நாளை எண்ணிக்கிட்டு இருக்கா. ஞாயித்துக்கிழமதான் டாக்டர் வெளிய விடுறாரு. எவனோ ஒரு தடியன் கூவுறத அவளுக்குப் போட்டுக் காட்டவா?"

"அதுக்கு என் வாயக் கிழிக்கணுமா?"

"ஏழு கட்டைதான். முடியலன்னா சொல்லு, நானே கிளாரினெட்ல வாசிச்சுக்கிறேன்."

டெல்ஃபின் பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டான். மூடிய வாய்தான் இன்று காலை வெடித்தது.

மூன்று மணிக்கு மண்டபம் நிரம்பி வழிந்தது. விசிறிகள் ஆட, வாசலில் வறுத்த மீன் வாசனை. முன்வரிசையில் சக்கர நாற்காலியில் எவாரிஸ்டின் அம்மா, தொண்ணூற்றொரு வயது மிஸ் ஹெர்மீன், ஊதா நிறத் தொப்பியோடு. எவாரிஸ்ட் முதலில் தட்டைப் போட்டான். பாட்டு ஏழு கட்டையில் தலைதெறிக்க ஓடியது. கீச்சென்று குரல் கூவியது.

"யாருடா இந்தக் கோழிக்குஞ்சு?" என்றாள் மிஸ் ஹெர்மீன், மண்டபமே கேட்கும்படி.

"அம்மா, அது அத்தைம்மா! ஸெனோபி அத்தை!"

"எங்க அத்தையா? போடா! அவ சுருட்டுப் பிடிக்கிறவ. அவ கூப்பிட்டா அந்தத் தெருக்கோடி ஆம்பளைங்க திரும்பிப் பாப்பாங்க, எவன்டா கூப்பிடுறதுன்னு. அதோட, இது என்ன ஓட்டம்? போலீஸு துரத்துதா?"

சிரிப்பு அடங்க ஒரு நிமிஷம் ஆனது. எவாரிஸ்ட் டெல்ஃபினைப் பார்க்காமலே போய்த் திருகை இறக்கினான். அந்தக் கனத்த குரல் மண்டபத்தில் எழுந்தது. மிஸ் ஹெர்மீன் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "இவதான்," என்றாள். "இவதான்டா."

எவாரிஸ்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு குழுவைப் பார்த்துத் திரும்பினான். "அஞ்சரையில வாசிப்போம்," என்றான், தானே கண்டுபிடித்ததைப் போல. செவ்வாய்க்கிழமையே இதைக் கண்டுபிடித்தவன் பக்கத்திலேயே நிற்கிறானே என்ற நினைப்புகூட இல்லை. டெல்ஃபினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் டிரம்மில் அடி விழுந்துவிட்டது, பாஞ்சோ குதித்துவிட்டது. ஆத்திரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முன்னால் வந்து டிரம்பெட்டைத் தூக்கினான்.

முதல் ஸ்வரம் வந்தது. இரண்டாவதில் காலையில் வெடித்த இடம் மறுபடி திறந்துகொண்டது. காற்றும் ரத்தமும்தான் வந்தன. இன்னொரு முறை முயன்றான். வெறும் காற்று. எவாரிஸ்ட் சட்டென்று கிளாரினெட்டை வாயில் வைத்து அந்த இடத்தை நிரப்பிக்கொண்டான். அழகாகவே வாசித்தான், பாவி.

டெல்ஃபின் பின்னால் போய் உட்கார்ந்து, யாரோ கொடுத்த குளிர்ந்த பீர் பாட்டிலை உதட்டில் வைத்து அழுத்திக்கொண்டான். ஜனம் எழுந்து ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டத்தின் நடுவே மிஸ் ஹெர்மீன் மட்டும் அவனைத் தேடிப் பிடித்துவிட்டாள். தன்னை வளர்த்தவளின் அதே கனத்த குரலில் கூவினாள்.

"ஊது ராசா, ஊது!"