சரளா வீட்டின் கூடுதல் அறைகள்

தம்பி ஷைலேந்திரா சிட்னிக்கு விமானம் ஏறிய மறுநாள் காலை, தீவு நகரமான லம்பாசாவில் சரளாவின் வீட்டில் ஓர் அறை கூடியிருந்தது. அது 1987, ராணுவம் முதல்முறை ஆட்சியைப் பிடித்த ஆண்டு. பத்துக்குப் பன்னிரண்டு அடி, தகரக் கூரை. கூரையில் துருகூட இருந்தது. அந்த வாரம் மாவு விலையும் ஏறியது. கடைத்தெருவில் அறையையும் மாவு விலையையும் சேர்த்தே பேசினார்கள்.

1994-இல் அவள் கணவர் மகேந்திரா இறந்தபோது எதுவும் வரவில்லை. கருமாதி முடியும்வரை தினமும் காலையில் சரளா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். இறந்தவர்களுக்கு அறை கிடையாது என்று பிறகு புரிந்துகொண்டாள். 2000-இல் மறுபடி துப்பாக்கிகள் வந்தன. மகன் ரவீனேஷ் மனைவி மக்களோடு ஆக்லாந்து போனான். அடுப்படியோடு பெரிய அறை வந்தது. 2006-இல் மீண்டும் ராணுவம். நர்ஸாக இருந்த மகள் அஷ்னிதா பிரிஸ்பேன் போனாள். கிழக்கு பார்த்த அறை வந்தது. மூன்றையும் சரளா தினமும் பெருக்கினாள். மிதிக்க ஆளில்லாததால் குப்பை சேரவில்லை.

2008-இல் நகரசபை நோட்டீஸ் வந்தது. மூன்று அறைகளுக்கும் ஆறு மாதத்துக்குள் அனுமதி வாங்க வேண்டும், இல்லையென்றால் இடிக்க வேண்டும். தனி ஆளுக்கு எதற்கு அவ்வளவு பெரிய வீடு, இடித்துவிடு என்று ரவீனேஷ் போனில் சொன்னான். அதில் ஒன்று அவனுடையது என்று சரளா சொல்லவில்லை. விண்ணப்பத்தில் கட்டியவர் பெயரை வெறுமையாக விட்டாள். கட்டிய தேதிக்கு அவர்கள் விமானம் ஏறிய தேதிகளை எழுதினாள். இரண்டு முறை திரும்பி வந்தது. பிறகு கட்டட ஆய்வாளர் நரேந்திரா அளவு நாடாவோடு வந்தான்.

"எனக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும், ஆன்ட்டி. யாரு கட்டினா?"

"யாரும் கட்டலை, பேட்டா. அவங்க போனாங்க, இது வந்துச்சு."

நரேந்திரா தலையாட்டிவிட்டு, வேலியிலிருந்து சுவர் எத்தனை அடி என்று அளந்தான்.

"இங்க யாரு தூங்கறது?"

"யாருமில்லை."

"அப்ப ஃபார்ம்ல எதுக்கான ரூம்னு எழுதறது?"

சரளா யோசித்தாள். "வந்தா படுக்கணும்ல."

படுக்கையறை என்று எழுதிக்கொண்டான்.

ஐந்து முறை வந்தான். ஒவ்வொரு முறையும் தேநீர் குடித்தான். மூன்றாவது முறை அளப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. ஐந்தாவது முறை அனுமதித் தாளை மேசையில் வைத்துவிட்டு எழுந்திருக்காமல் இருந்தான்.

"கனடா பேப்பர் வந்திருச்சு, ஆன்ட்டி. வர்ற மாசம்."

"அங்க குளிருமே," என்றாள். கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

அவன் விமானம் ஏறிய மறுநாள் காலை சமையலறைக்குப் பக்கத்தில் ஓர் அறை இருந்தது. ஒரு நாற்காலி மட்டும் போடலாம். ஐந்து முறை வந்து போனவனுக்கு அந்த அளவு சரிதான் என்று சரளாவுக்குத் தோன்றியது. நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு புடவையை மாற்றிக்கொண்டு ஒன்பது மணி பஸ்ஸில் நகரசபைக்குப் போனாள். நரேந்திராவின் இடத்தில் ஒரு புதிய பெண் இருந்தாள்.

"என்ன கட்டப் போறீங்க, ஆன்ட்டி?"

"கட்டியாச்சு. சின்னதுதான்."

அந்தப் பெண் ஒரு விண்ணப்பத் தாளை எடுத்துக் கொடுத்தாள்.