குங்கிலியம் வைத்த பல்

போர் நடந்த ஆண்டுகளில் எழுதப்பட வேண்டிய பெருந்துயரங்கள் எத்தனையோ இருக்க, ஒரு மனிதரின் முன்பல்லைப் பற்றி எழுதத் துணிந்தமைக்காக வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். கதை எழுதிப் பழகாத கை இது, பிழைகள் இருக்கும். ஆயினும் அந்தப் பல்லை நம்பி ஒரு குடும்பம் இருந்தது. அதனால் சொல்லாமல் விடவும் மனம் ஒப்பவில்லை.

இறக்கக்கண்டி என்ற கடலோர ஊரின் கதிரவேலுக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு. தொண்ணூறுகளின் நடுவில் கடலில் இறங்கத் தடை வந்தபின் அவருடைய வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. அவர் வீச்சுவலையோடு களப்பு எனப்படும் கடற்கழிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று மணலை மீனும் இறாலும் பிடித்துவந்தார்.

வீச்சுவலை எறிபவருக்கு இரண்டு கைகள் போதா. வலையில் ஒரு பங்கை இடது முழங்கையில் மடித்துப் போட்டு, மறுபங்கை வலக்கையில் ஏந்தி, விளிம்பில் கோத்த ஈயக்குண்டு ஒன்றை முன்பற்களால் கவ்விக்கொள்ள வேண்டும். உடம்பைத் திருகி எறியும் அந்த நொடியில் வாயைத் திறந்துவிட வேண்டும். அப்போதுதான் வலை முழுவட்டமாக விரிந்து விழும். மீன் பட்டதும் கதிரவேல் இரண்டு விரல்களை வாயில் வைத்து ஒரு சீழ்க்கை அடிப்பார். அது கேட்டு மனைவி சிவபாக்கியம் உமல் என்ற பனையோலைப் பையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வருவார்.

மூன்று வருடங்கள் ஈயத்தைக் கடித்ததில், மேல்வரிசை முன்பல் ஒன்று முதலில் கறுத்தது, பிறகு வலித்தது. கராம்பு வைத்துப் பார்த்தார். வலிமாத்திரையைப் பல்லைச் சுற்றிய முரசில், அதாவது ஈறில், ஒட்டவைத்ததில் முரசும் வெந்துபோனது. கன்னம் இலேசாக வீங்கத் தொடங்கவே, சிவபாக்கியம் அவரைப் பட்டணத்துக்குப் பஸ் ஏற்றிக்கொண்டு போனார்.

பல் வைத்தியர் மஹ்ரூப் மூதூரைச் சேர்ந்தவர், நிதானமாகப் பேசுபவர். சிறிய கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார்.

"நரம்பு செத்துப்போச்சு, அண்ணன். வேர் நுனியில சீழ் கட்டியிருக்கு. ரெண்டு வழி இருக்கு. ஒண்டு, பிடுங்கிறது. இண்டைக்கே முடியும், பிறகு கட்டுப்பல் வைக்கலாம். மற்றது, பல்லை வைச்சுக்கொண்டே உள்ளுக்குத் துப்புரவாக்கி வேரை அடைக்கிறது. அதுக்குக் கிழமைக்கு ஒருக்காவா மூண்டு தரம் வரோணும்."

"கட்டுப்பல்லால ஈயக்குண்டைக் கவ்வ ஏலுமோ, டொக்டர்?"

"ஏலாது. வலையோட சேர்ந்து பல்லும் களப்புக்குள்ள போயிடும்."

"பிறகு மணலை மீன் பல்லுக் கட்டிக்கொண்டு திரியும்," என்றார் பக்கத்தில் நின்ற தாதி நல்லம்மா. வலியையும் மறந்து கதிரவேல் சிரித்துவிட்டார்.

"அப்ப பிடுங்க வேண்டாம்."

சிவபாக்கியத்துக்கும் அது ஆறுதலாக இருந்தது. "மேல்பல்லைப் பிடுங்கினாக் கண் போயிடுமெண்டு சொல்லுறவை, டொக்டர்."

"கண்ணுக்கும் பல்லுக்கும் ஒரு தொடுசலும் இல்லை, தங்கச்சி."

சிவபாக்கியம் மரியாதைக்காகத் தலையை ஆட்டினார்.

வைத்தியர் பல்லின் பின்புறத்தில் துளையிட்டு, மெல்லிய ஊசிகளால் உள்ளே சுத்தம் செய்து, மருந்து வைத்து, வெள்ளையாய் ஒன்றால் துளையின் வாயை மூடினார். "இது தற்காலிக அடைப்பு. இந்தப் பல்லால ஒண்டையும் கடிக்கப்படாது. வலி நிண்டதும் சுகம் வந்திட்டுதெண்டு நினைச்சுப்போடாதேங்கோ. வாற புதன்கிழமை வாங்கோ."

வலி அன்று மாலையே நின்றது. கதிரவேல் இரண்டு நாட்கள் வலையைத் தொடவில்லை. மூன்றாம் நாள் கடைவாயால் ஈயத்தைக் கவ்வி எறிந்து பார்த்தார். வலை பாதி மடிந்து விழுந்தது. கிடைத்தவை நான்கு இறால்கள். வீட்டில் அரிசிப் பானையின் அடி தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை, வைத்தியரை மனத்துக்குள் வணங்கி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, முன்பல்லால் கவ்வினார். பத்தாவது எறிவில் வெள்ளை அடைப்பு கழன்று தண்ணீரில் விழுந்தது.

புதன்கிழமை எப்படியும் போகத்தானே போகிறோம் என்று இருந்தார். செவ்வாய்க்கிழமை, பட்டணத்துக்குப் போகும் நிலாவெளி வீதியில் குண்டு வெடித்தது. வீதியை மூடினார்கள். பஸ் நின்றது. புதன் வந்து போனது.

குடித்த தண்ணீரும் தின்ற சோறும் ஓட்டைக்குள் புகுந்தன. நாக்கு நாள் முழுவதும் அங்கேயே போய்வந்தது. வெள்ளிக்கிழமை கரையில் அவருடைய கூட்டாளி யோகராசா, கவிழ்த்துப்போட்ட தன் வள்ளத்தின் பொருத்துகளை அடைக்கக் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிக்கொண்டிருந்தார். அந்த வாசனைக்குக் கதிரவேல் நின்றார்.

"மச்சான், இதில ஒரு பயறளவு தா."

"என்னத்துக்கு?"

"ஓட்டை அடைக்க."

"உன்ர வள்ளத்திலயோ?"

"வாயில."

யோகராசா அகப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அப்பிடியே தாரும் பூசி ஒரு நம்பரும் எழுதி விடு. நேவிக்காரன் உன்ர வாயையும் பதிஞ்சு பாஸ் தரட்டும்."

சிரித்தாலும் கொடுத்தார். இருபது வருடங்கள் கடல்நீரை வெளியே நிறுத்திவைத்த பொருள் ஒரு பல்லையா காப்பாற்றாது என்பதே கதிரவேலின் எண்ணம். ஆறவைத்துப் பஞ்சோடு உருட்டி, துளைக்குள் அழுத்தி, விரலால் தேய்த்தார். கல்லாக இறுகியது.

அடுத்த இரண்டு நாட்களும் வலை முழுவட்டமாக விழுந்தது. சீழ்க்கை களப்பின் மறுகரை வரை கேட்டது.

"கடிக்க வேண்டாமெண்டு டொக்டர் சொன்னவரெல்லோ?" என்றார் சிவபாக்கியம் உமலை நீட்டியபடி.

"டொக்டர் வைச்சது விழுந்திட்டுது. நான் வைச்சது நிக்குது, பாரும்."

திங்கட்கிழமை பல் துடிக்கத் தொடங்கியது. புதன்கிழமை கன்னம் வீங்கி இடது கண் மூடிக்கொண்டது; உடம்பு காய்ச்சலில் கொதித்தது. "பிடுங்காமலே கண் போகுதே," என்று சிவபாக்கியம் அழுதார். பத்து நாட்கள் மூடிக்கிடந்த வீதி வெள்ளிக்கிழமை திறந்தது. சோதனைச் சாவடியில் சிப்பாய் கன்னத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டு வாயைத் திறக்கச் சொன்னான். திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, போ போ என்று கையசைத்தான்.

மஹ்ரூப் குனிந்து முகர்ந்து பார்த்தார். "குங்கிலியமோ?"

கதிரவேல் தலையைத் தொங்கப்போட்டார். "ஓம், டொக்டர்."

ஏச்சு விழும் என்று காத்திருந்தார். விழவில்லை. வைத்தியர் அரைமணி நேரம் ஊசியால் சுரண்டிப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

"வள்ளத்துக்குத் தண்ணி வெளியால இருந்து வரும், அண்ணன், அடைக்கத்தான் வேணும். பல்லுக்குச் சீழ் உள்ளுக்கிருந்து வரும். அதுக்கு வெளியேற ஒரு வாசல் வேணும். நீங்க வாசலை மூடினதால அது முகத்துக்கு ஏறிட்டுது." கழற்றிய கையுறையைக் கூடையில் போட்டார். "பிழை என்னிலயும் இருக்கு. புதன்கிழமை வாங்கோ எண்டு மட்டும் சொன்னனான். றோட்டை மூடினா என்ன செய்யிறதெண்டு சொல்லேல்லை. அடைப்பு விழுந்தா உப்புத்தண்ணியால கொப்பளிச்சுப்போட்டுத் திறந்தபடியே விடுங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தாப் போதும்."

"இப்ப என்ன வழி, டொக்டர்?"

"குங்கிலியம் வேர் வரைக்கும் போயிட்டுது. ஈயம் கடிச்சதில பல்லும் வெடிச்சிருக்கு. பக்கத்துப் பல்லும் ஆடுது. மருந்து தந்து நாலு நாள் பார்க்கலாம். ஆனா நாலாம் நாள் றோட்டுத் திறந்திருக்குமெண்டு ஆர் சொல்லுறது? மூடினா உங்கட உயிருக்குத்தான் ஆபத்து."

"ரெண்டு பல்லையும் பிடுங்கோணுமோ?"

"ரெண்டையும்."

கதிரவேல் கதிரையின் கைப்பிடியை இறுகப் பற்றினார். வீட்டுச் சுவரில் தொங்கும் வலை கண்முன் வந்தது. சிவபாக்கியத்தைப் பார்த்தார். சிவபாக்கியம் அவருடைய மூடிய கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிடுங்குங்கோ, டொக்டர்."

சீழ் கட்டிய இடத்தில் விறைப்பூசி முழுதாகப் பிடிக்கவில்லை. நல்லம்மா அவருடைய தலையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். முடிந்தபின் வைத்தியர் மாத்திரைகளைக் கொடுத்து, அட்டையில் திகதியை எழுதி, அதன் கீழே "வீதி மூடினால்" என்று தொடங்கி நான்கு வரிகள் எழுதினார். அதன்பிறகு வந்த எல்லா நோயாளிகளின் அட்டையிலும் அந்த நான்கு வரிகள் இருந்தன.

ஒரு வாரத்தில் வீக்கம் வற்றிக் கண் திறந்தது. சிவபாக்கியம் அவரைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ச் சோதித்தார்.

"அங்கால தூரத்தில நிக்கிற கப்பலில கொடி தெரியுதோ?"

"தெரியுது."

"என்ன நிறம்?"

"உமக்குத் தெரியேல்லையோ?"

"எனக்குத் தெரியேல்லை."

"அப்ப டொக்டரிட்டப் போகவேண்டியது நீர்தான்," என்றார் கதிரவேல். இருவரும் சிரித்தார்கள்.

புண் ஆறியபின் களப்பில் இறங்கினார். ஈயக்குண்டைக் கவ்வப் பார்த்தார். அது பல் போன இடைவெளியால் நழுவியது. விளிம்பைத் தோளில் போட்டு எறிந்தார். வலை நீள்வாக்கில் விழுந்தது. இழுத்தபோது அடியில் ஏழெட்டு மணலை துள்ளின. பழக்கத்தில் இரண்டு விரல்களை வாயில் வைத்து ஊதினார். வெறுங்காற்று வந்தது. கையை நனைத்துக்கொண்டு இன்னொரு முறை ஊதினார். பிறகு கரைப்பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். சிவபாக்கியம் அன்று காலையிலிருந்தே உமலோடு அங்கேதான் நின்றார்.

இழந்தவை: மேல்வரிசை முன்பற்கள் இரண்டு. களப்பில் இறங்காத நாட்கள் இருபத்தாறு. வலையின் விரிவில் ஏறக்குறையப் பாதி. சீழ்க்கை ஒன்று.