முந்தி விளைந்த கதிர்

தன்யா கைப்பேசியில் வந்திருந்த படத்தை மூன்றாவது முறையாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். வெளியே ஆடிச் சாரல். அப்பா ஆறுமுகப்பெருமாள் குளித்து, ஈர வேட்டியோடு அரிவாளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். இன்று நிறை, புதுக்கதிர் படைக்கிற நாள். பன்னிரண்டு ஊருக்கும் பொதுவான அம்மன் கோயிலுக்கு முதல் கதிர்க்கட்டு அவர் வயலிலிருந்துதான் போகும். பூசை முடிந்து ஆளுக்கொரு கதிர் கொடுப்பார்கள். வீட்டு நிலையில் கட்டிவைத்து, விதைப்பு வரும்போது அதை உதிர்த்து விதைநெல்லோடு கலந்தால்தான் எல்லோருக்கும் மனசு ஆறும்.

அவள் வேலை பார்ப்பது நாகர்கோவிலில் ஒரு ஆய்வகத்தில். நாலைந்து வருடமாக அந்தப் பன்னிரண்டு ஊர் வயல்களையும் களைநெல் தின்றுகொண்டிருந்தது. பாவி முண்டை, பார்த்தால் நெல்லேதான். அதே இலை, அதே தூர். நெல்லுக்கு முந்தி விளையும், அறுப்புக்கு முந்தி உதிரும், அடுத்த பூ விதைக்கும்போது இரண்டு பங்காக முளைக்கும். கண் பிரிக்காததை டி.என்.ஏ பிரிக்கும் என்று தன்யா ஊர் ஊராக அலைந்து இலை வெட்டினாள். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல நெல்லும் வேண்டுமே என்று, நிறைக்கதிர் எடுக்கிற மூலையிலும் நாலு இலை கிள்ளினாள். நம் வயலைவிட நல்ல நெல் எங்கே இருக்கிறது என்கிற திமிர்தான், வேறென்ன.

இப்போது ஆய்வகத்து யூஜின் சார் முடிவைக் கிளைப்படமாக அனுப்பியிருந்தார். பன்னிரண்டு ஊர்க் களையும் ஒரே குடும்பம். அத்தனையும் கிளைத்தது பதினேழாம் எண் இலையிலிருந்து. 'இந்தப் பதினேழு யாரு வயலும்மா?' என்று கேட்டிருந்தார். நிறைக்கதிர் மூலையில் அவள் கிள்ளிய இலை அது. வரப்பில் செருப்பில்லாமல் ஓடினாள்.

"எப்பா, அத அறுக்காண்டாம்."

"என்னட்டி வெளங்காம பேசுக? மேளம் பொறப்பட்டாச்சு."

"அது நெல்லில்லப்பா. களைநெல்லு. டெஸ்ட் வந்திருக்கு."

அவர் சிரித்தார். "பதினோரு வருசமா அம்மன் இந்த மூலையத்தான் மொதல்ல வெளைய வைக்கா. ஒன் டெஸ்டு பெரிசா, அவ பெரிசா?"

"களைதான்பா மொதல்ல வெளையும்."

சிரிப்பு நின்றது. நிறைக்கதிரைத் தின்னக் கூடாது, உரித்துப் பார்க்கவும் கூடாது. பதினோரு வருடத்தில் ஒருத்தரும் பார்த்ததில்லை. தொட்டால் உதிர்கிறதே என்றால், அம்மனுக்கு அவசரம் என்பார்கள். ஆறுமுகப்பெருமாள் ஒரு கதிரைக் கிள்ளி, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஊதினார். அவர் விதைத்தது வெள்ளை அரிசி நெல். கையில் கிடந்ததெல்லாம் சிவப்பு.

"எத்தன ஊருக்குட்டி போயிருக்கு?"

"பன்னெண்டு."

அவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். ஊரில் அவரிடம் கைகூப்பாதவர்கள் கிடையாது.

"வெளிய சொல்லீராத மக்கா," என்றார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குள் மேளம் வரப்பேறிவிட்டது. ஆட்களே மடமடவென்று அறுத்துக் கட்டி அவர் தலையில் ஏற்றினார்கள். அவரும் நடந்தார்.

பூசை முடிந்தது. கூட்டம் கை நீட்டியது. ஆறுமுகப்பெருமாள் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளைவாள், குடுங்கோ," என்றார் பூசை செய்த போற்றி.

அவர் கூட்டத்துக்குள் தன்யாவைத் தேடிப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"இந்த வருசம் வேண்டாம்," என்றார். "யாரும் கொண்டு போவாண்டாம். இது..."

பெண்களின் குரவைச் சத்தத்தில் ஒருவர் காதிலும் விழவில்லை. யாரோ ஒரு கதிரைப் பிடித்து இழுத்தார்கள். அவர் விடவில்லை. இன்னும் நாலு கை சேர்ந்தது. அவர் இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க, நெல் அவர் விரலிடுக்கு வழியே பொலபொலவென்று கல்தளத்தில் உதிர்ந்தது.

"அம்மன் அவளே தாறா!" என்று யாரோ கத்தினார்கள்.

முதலில் குனிந்தது தன்யாவின் அம்மா உலகம்மை. பிறகு எல்லோரும் குனிந்தார்கள். ஒரு மணி விடாமல் பொறுக்கி, கண்ணில் ஒற்றி, சேலைத் தலைப்பிலும் துண்டு முனையிலும் முடிந்துகொண்டார்கள். குனிந்த முதுகுகளுக்கு நடுவே ஆறுமுகப்பெருமாள் மட்டும் நிமிர்ந்து நின்றார், வெறும் வைக்கோலைக் கட்டிப் பிடித்தபடி.