எங்களைவிட எளியவன்

எங்கள் ஓஹையோ பண்ணை வாசலில் பிரெஸ்டன் வந்து நின்றபோது கையில் ஒரு பெட்டி மட்டும்தான் இருந்தது. கொலம்பஸ் நகரத்தில் ஏதோ வங்கியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன். வீட்டையும் காரையும் விற்றுவிட்டு, மின்சாரமும் காரும் இல்லாமல் வாழும் எங்கள் கிறிஸ்தவக் கூட்டத்தில் சேர்ந்து, ஆமிஷாக மாறி எளிமையாக வாழப்போகிறேன் என்று வந்துவிட்டான். எளிமையாம்! திங்கட்கிழமை ஒருநாள் எங்கள் வீட்டுத் துணியைத் துவைத்துக் கொடியில் போட்டவள் அந்தச் சொல்லை வாயால் சொல்ல மாட்டாள்.

என் கணவர் ஏர்வினுக்கு அவனைப் பிடித்துப்போனது. ஆரம்பத்தில் எனக்கும்தான். டச்சு என்று நாங்கள் சொல்லும் எங்கள் ஜெர்மன் பேச்சைத் தட்டுத்தடுமாறிக் கற்றான். பால் கறக்கப்போய் மாட்டிடம் உதை வாங்கினான், மறுநாளும் போனான். பிறகுதான் தொடங்கியது வினை.

"வெர்னா, இது கடையில வாங்கின பீட்ஸாவா?"

"ஆமாங்க பிரெஸ்டன். பன்னி வெட்டுற அன்னிக்கு சமைக்க யாருக்கு நேரம்?"

"இல்ல, நம்ம முன்னோருங்க இப்படியெல்லாம்..."

நம்ம முன்னோர்! என் பிள்ளைகள் டிராம்போலினில் குதித்தால் முகத்தைச் சுளிப்பான். வீட்டுக்குள் போன் கூடாதென்று பாதை முனையில் நாலு வீட்டுக்கும் பொதுவாக வைத்திருக்கும் போன் கொட்டகையைக் கடக்கும்போது, சாராயக் கடையைக் கண்டவன் மாதிரி தலையைத் திருப்பிக்கொள்வான். எனக்கு நாக்கு துடிக்கும். ஆனால் வந்தவனை வையலாமா? "பரவாயில்ல பிரெஸ்டன்" என்று பல்லைக் கடித்துக்கொள்வேன். சபையில் எல்லோரும் அப்படித்தான்.

அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாமா என்று சபை முடிவுசெய்ய வேண்டிய நாள் நெருங்கியது. சபை ஊழியரான டீக்கன் லேவி பெஞ்சு பெஞ்சாகக் குனிந்து ஒவ்வொருவரிடமும் காதை நீட்டுவார். ஆண், பெண் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் அவ்வளவுதான்.

"நீ என்ன சொல்லப்போற?" என்று ஏர்வின் கேட்டார்.

"மாட்டேன்னுதான்."

"எல்லாத்தையும் வித்துட்டு வந்தவன், வெர்னா. அவனுக்குப் போக்கிடம் கிடையாது."

"நம்மளவிட உசந்த சபை எங்கயாவது இருந்தா அங்க போகட்டும்."

எங்களுக்குத் தேவாலயம் கிடையாது, ஆராதனை முறைவைத்து வீடுகளில்தான்; அதற்கு முந்தைய ஆராதனை எங்கள் வீட்டு முறை. வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் துடைத்துக்கொண்டிருந்தோம். ரொட்டிக்குத் தடவும் வேர்க்கடலை விழுதைத் தானே கலக்குவதாக பிரெஸ்டன் முன்வந்தான். ஆண்பிள்ளை கையில் கரண்டியா என்று யோசித்தேன். ஆனால் மாடி ஜன்னல்கள் துடைக்காமல் அப்படியே கிடந்தன.

"கடலை விழுது, மார்ஷ்மெல்லோ கிரீம், மேப்பிள் பாகு, எல்லாத்தையும் வாளியில கொட்டிக் கிண்டுங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன்.

ஞாயிறன்று நீண்ட ஆராதனை முடிந்து ஆண்கள் பந்தியில் உட்கார்ந்தார்கள். பிஷப் ரோமன் ரொட்டியைக் கடித்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. காப்பியைக் கையால் காட்டினார். பந்தி முழுக்கத் தாடிகள் ஏறி இறங்கின. பரிமாறியதை எங்கள் ஆட்கள் குறை சொல்ல மாட்டார்கள். பாவம், பிஷப் என் மானத்தைக் காப்பாற்ற இரண்டாவது துண்டையும் எடுத்தார்.

அவர் மனைவி சாரா ஆன் என் பக்கத்தில் வந்தாள். "பாகு தீந்துபோச்சா வெர்னா? சொல்லியிருந்தா நான் கொண்டாந்திருப்பேனே."

அதற்குப் பதில் அவள் என்னை அறைந்திருக்கலாம். பிரெஸ்டனை இழுத்துக்கொண்டு துவைக்கிற கொட்டகைக்குப் பின்னால் போனேன்.

"என்னடா கலந்த?"

"கடலையும் உப்பும் மட்டும். நானே அரைச்சேன். அந்த வெள்ளை மார்ஷ்மெல்லோ கிரீம் ஃபேக்டரி சாமான், ஆடம்பரம்னு தோணிச்சு..."

"ஆடம்பரமா? முதுகு சாய வழியில்லாத பெஞ்சுல காலையில இருந்து உக்காந்த கிழவனுக்குத் தொண்டையில இறங்கணும்னு போடறதுடா அது! நீ எளிமையா இருக்க ஊரே விக்கிச் சாகணுமா? வந்த நாள்ல இருந்து என் அடுப்படியில மூக்க நுழைக்கிற! பீட்ஸா ஆகாது, போன் ஆகாது! எல்லாத்தையும் வித்தியே, அந்தத் தற்பெருமைய வித்தியா? அதுக்கு நம்ம வைக்கோல் தொப்பிய மாட்டிக் கூட்டிட்டு வந்திருக்க!"

மூச்சு வாங்க நிறுத்தினேன். வீட்டுக்குள் தட்டுச் சத்தம்கூட நின்றுபோயிருந்தது. பிரெஸ்டனின் கண் கலங்கியிருந்தது. ஆனால் பாவி சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா இளிப்பு?"

"ஏர்வின திட்டுறீங்க. பிள்ளைங்கள திட்டுறீங்க. குதிரையக்கூட திட்டுறீங்க. எனக்கு மட்டும் எப்பவும் 'பரவாயில்ல பிரெஸ்டன்'தான். இன்னும் சுத்தமா, இன்னும் எளிமையா இருந்தா என்னையும் சேத்துக்குவீங்கன்னு நெனச்சேன். வேற வழி தெரியல வெர்னா."

எனக்கு வெட்கமாக இருந்தது. தினமும் எங்கள் மேசையில் சாப்பிட்டவனை விருந்தாளி நாற்காலியை விட்டு எழவே விடவில்லை நாங்கள்.

"மூக்கத் துடை. போய் ரோமன்கிட்ட நீதான் கலந்தன்னு சொல்லு."

போய்ச் சொன்னான். பிஷப் வாயில் இருந்ததை ஒருவழியாக விழுங்கினார். "மிச்சம் இருந்தா குடுத்தனுப்புடா. என் மாட்டுக் கொட்டாய் கூரை ஒழுகுது, அடைக்கணும்." பந்தி அதிரச் சிரித்தது. பிரெஸ்டன் காது மடல்வரை சிவந்து அவர்கள் நடுவில் நின்றான்.

அடுத்த ஆராதனையில் டீக்கன் லேவி என் முன்னால் குனிந்தார்.

"சம்மதம்" என்றேன்.

அவர் நகரவில்லை. "நெசமாவா? அன்னிக்கு நீ அவனத் திட்டினது ரோடு வரைக்கும் கேட்டுச்சே."

"அதனாலதான்."