தம்பி பெயருக்குப் பக்கத்தில்

கடைக் கம்ப்யூட்டரில் என் தம்பியின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்த காலையில், நான் ஒரு பெரியவரின் மூக்கில் கண்ணாடிச் சட்டத்தைப் பொருத்திக்கொண்டிருந்தேன். மூக்கை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

எங்களுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. நான் கண் பார்ப்பேன், அவன் லென்ஸ் அறுத்துக் கொடுப்பான். கடையை ஆன்லைனுக்குக் கொண்டுபோகணும் என்று அவனும், முகத்தில் வைத்துப் பார்த்து வாங்குகிற பொருள் இது என்று நானும் மல்லுக்கு நின்றோம். அப்பாவின் பிடிவாதத்தை ரெண்டு பேரும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டு பிறந்தவர்கள். ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு போனவன் போன் நம்பரையும் மாற்றிவிட்டான்.

கடை மெயிலில் அவன் கணக்கை மட்டும் நான் மூடவில்லை. ஆளே இல்லை, கணக்கு எதற்கு என்று யாராவது கேட்டால் காது கேளாதவள் போல் இருந்துவிடுவேன். ஊழியர் வரிசையில் என் பெயருக்குக் கீழே அவன் பெயர், பக்கத்தில் சாம்பல் புள்ளி. ஆள் உள்ளே வந்தால் அது பச்சையாகும். கடை திறந்ததும் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

"வந்துட்டியாடா? அக்காதான்டா. எங்கடா இருக்க? சாப்பிட்டியா?" என்று தட்டினேன். அவசரத்தில் எழுத்தெல்லாம் தாறுமாறாக விழுந்தது.

பதில் வந்தது. "நலம் அக்கா. அவசரம். வாடிக்கையாளர் பட்டியலை உடனே அனுப்பவும்."

என் தம்பி ஜென்மத்தில் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. "கெழவி" என்பான், அதுவும் வாடிக்கையாளர் முன்னாலேயே. 'அனுப்பவும்' என்று படித்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது? போன இடத்தில் மரியாதை கற்றுக்கொண்டிருக்கிறான் என்று நினைத்து, மூக்கைச் சிந்திக்கொண்டே அனுப்பினேன். கேட்டிருந்தால் கடைச் சாவியையும் அனுப்பியிருப்பேன்.

"வீட்டுக்கு வாடா, உன் மெஷினை யாரையும் தொட விடல" என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் புள்ளி சட்டென்று சாம்பலானது.

மதியம் வாத்தியார் வந்தார். ரொம்ப நாள் வாடிக்கையாளர், சோடாப்புட்டி கண்ணாடி.

"கண்ணாடி ரெடி, இந்த லிங்க்ல பணம் கட்டுங்கன்னு மெயில் வந்துச்சும்மா. உன் தம்பி பேரைப் பார்த்துத்தானே கட்டினேன்! அக்கவுண்ட்டையே துடைச்சிட்டான்."

அவரைப் பேங்க்குக்குப் போன் போடச் சொல்லிவிட்டு, பட்டியலில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டு லிங்கைத் தொடாதீர்கள் என்று கெஞ்சினேன். பிறகு கம்ப்யூட்டர் சரிபார்க்கும் பெண்ணை வரவழைத்தேன். அவள் உட்கார்ந்து நோண்டினாள்.

"வந்தது உங்க தம்பி இல்ல மேடம். திருடன். பழைய பாஸ்வேர்டு எங்கேயோ கசிஞ்சிருக்கு. ஆள் இல்லாத கணக்கை யாராவது திறந்து போடுவாங்களா?"

வாத்தியாரின் பணம் போனதற்கு அழ வேண்டியவள், வந்தது அவன் இல்லை என்பதற்கு அழுதேன். வெட்கமாக இருந்தது.

"ஆனா ஒண்ணு. திருடன் தானா போகல, வெளியே தள்ளியிருக்காங்க. புது ஆள் நுழைஞ்சா கணக்குக்காரர் போனுக்குக் கேள்வி போகும், உள்ளே வந்தது நீங்களான்னு. யாரோ 'இல்லை'ன்னு அமுக்கியிருக்காங்க. இல்லேன்னா பட்டியல் மொத்தத்துக்கும் மெயில் போயிருக்கும்."

"எந்தப் போனு?"

அவள் திரையைத் திருப்பினாள். கடைசி இரண்டு எண்கள் மட்டும் தெரிந்தன. அவனுடைய பழைய நம்பர் இல்லை.

"அப்போ கடையை விட்டுப் போனப்புறம் ஒரு தடவை அவரே வந்து நம்பரை மாத்தியிருக்காரு மேடம்."

படவா. உள்ளே வந்திருக்கிறான், வந்த வேலையைப் பார்த்திருக்கிறான், கெழவி இருக்கிறாளா செத்தாளா என்று ஒரு வார்த்தை கேட்காமல் போயிருக்கிறான். பல்லைக் கடித்தேன். அதே நிமிஷம் அவனைப் பார்க்க வேண்டும் போல நெஞ்சு அடித்துக்கொண்டது.

"முழு நம்பர் கிடைக்குமா?"

"காட்டாது. கணக்கை இப்பவே மூடிடறேன், வாடிக்கையாளருக்கு ஆபத்து. மூடினா அந்தப் போனோட இருக்கிற தொடர்பும் போயிடும், பரவாயில்லையா?"

வெளியே வாத்தியார் பேங்க்காரரிடம் கத்துவது கேட்டது. பரவாயில்லை என்று சொல்வதைத் தவிர எனக்கு வழியில்லை.

"மூடிடும்மா. அதுக்கு முன்னாடி ஒண்ணு. நான் அவன் பேர்ல நுழையப் பார்த்தா அவனுக்குக் கேள்வி போகுமா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "போகும். கடைக் கம்ப்யூட்டர்லேர்ந்துன்னும் காட்டும்."

"ஒரே ஒரு தடவை."

அவன் பெயரை அடித்தேன். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்பதை அமுக்கினேன். 'உங்கள் போனுக்குக் கேள்வி அனுப்பியுள்ளோம், பதிலுக்காகக் காத்திருக்கவும்' என்றது திரை. வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் 'இல்லை' என்று அமுக்கினால் குற்றம் சொல்ல முடியாது, நுழைவது அவன் இல்லைதானே. என்னையறியாமல் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டேன், அங்கிருந்து பார்த்துவிடுவான் போல.

வட்டம் நின்றது. கணக்கு திறந்தது.

"ஆமான்னு அமுக்கியிருக்காரு மேடம்," என்றாள் அந்தப் பெண், மெதுவாக. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

ஊழியர் வரிசையில் என் தம்பியின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தது நான்.