பதினொரு விநாடி வெள்ளை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இணையச் செயலிகள் செய்யும் என் தங்கை ஒரு மத்தியானம் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து, "அண்ணா, ஒருத்தங்களை நாப்பது நிமிஷம் ஏமாத்திட்டேன்" என்றாள். எனக்குள் இருந்த அண்ணன் பதறினான். எழுத்தாளன் பேனாவைத் தேடினான். அதற்காக வெட்கப்படுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், மருத்துவமனையின் —

மழையே பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.

2

மருத்துவமனையின் நிலவறையில் ஒரு காத்திருப்புக் கூடம். கூரையை ஒட்டிய சன்னல்களில் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் மிதந்து போகும். குளத்தின் அடியில் உட்கார்ந்து மேலே பார்ப்பது போலிருக்குமாம். அறுவைக்கு உள்ளே போனவர்களின் வீட்டார் அங்கே காத்திருப்பார்கள். உள்ளே நடப்பதை அவர்களின் போனிலேயே காட்டும் ஒரு பக்கத்தைச் செய்துதரும் வேலை தங்கைக்கும், அவளுடன் வேலை பார்க்கும் மூத்தவருக்கும் வந்தது. அவருக்கு அலுவலகத்தில் 'நிதானம்' என்று பெயர்.

எதைக் கொண்டு கட்டுவது என்பதில் தகராறு. இத்தகைய பக்கங்களுக்கு ஃபிரேம்வொர்க் என்று ஆயத்தச் சட்டகங்கள் உண்டு. தங்கைக்குச் சின்னது வேண்டும்: எடை குறைவு, பழைய போனிலும் சட்டென்று வரும், ஆனால் பல வேலைகளை நாமே எழுத வேண்டும். நிதானத்துக்குப் பெரியது: எல்லாம் உள்ளேயே இருக்கும், வந்து இறங்கத்தான் நேரமாகும்.

"ரெண்டு நாள் ஊருக்குப் போக பீரோவையே தூக்கிட்டு வர்றீங்க சார்."

"போன இடத்துல போர்வை இல்லைன்னு எங்கிட்டதாம்மா வந்து நிப்பே."

(முதல் பிரதியில் நிதானம் ஒரு சிடுமூஞ்சி. தங்கை படித்துவிட்டு, "என் பொண்ணுக்குக் காய்ச்சல்னா என் வேலையையும் சேர்த்துச் செய்யற மனுஷன்ணா அவர்" என்றாள். கதைக்கு வில்லன் இல்லாமல் போயிற்று.)

3

இரண்டையும் பாதி பாதி கட்டி, ஒரு பகலில் அந்தக் கூடத்திலேயே சோதித்துப் பார்த்தார்கள். பேருந்து ஓட்டும் ஓர் அக்கா சீருடையோடு உட்கார்ந்திருந்தார். கணவருக்கு உள்ளே வயிற்றில் அறுவை. கீறல் விழுந்த பழைய போனை நம்பிக் கொடுத்தார்.

பெரியதைத் திறந்ததும் திரை வெள்ளையாக நின்றது. தங்கை எண்ணினாள். பதினொரு விநாடி.

"என்னம்மா, ஒண்ணையும் காணோமே? அவருக்கு ஏதாவது…" ஓட்டுநர் பாதி எழுந்துவிட்டார்.

சின்னது கண்மூடித் திறப்பதற்குள் வந்தது: 'அறுவை நடந்துகொண்டிருக்கிறது.' ஓட்டுநர் போனை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு விட்டார். தங்கை நிதானத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். இருவரும் மாடிக்குப் போனார்கள்.

அந்த நிம்மதியில் ஓட்டுநர் கண்ணயர்ந்தார். கனவில் காலி வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தாராம். எல்லா நிறுத்தத்திலும் கணவரே நின்றாராம். எங்கேயும் ஏறவில்லையாம்.*

* நான் கட்டிவிட்டதாக நினைப்பீர்கள். இல்லை. அவரே தங்கையிடம் சொன்னது.

4

இடையில் சிக்னல் அறுந்து, திரும்ப வந்தது. அப்படி அறுந்தால் மறுபடி இணைந்து புதுச் செய்தியைக் கேட்டு வாங்கும் ஏற்பாடு பெரியதில் ஆயத்தமாக இருந்தது. சின்னதில் அதைத் தங்கை எழுத வேண்டும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

இறங்கி வந்த நிதானம், பெரியது ஓடிக்கொண்டிருந்த தன் போனைப் பார்த்தார்: 'கண் விழித்துவிட்டார். உடன் வந்தவரைக் கேட்கிறார்.' நாற்பது நிமிடத்துக்கு முந்திய செய்தி. செய்தியைப் பக்கத்தில் ஏற்றியாயிற்று, பார்த்து வருவார் என்று செவிலியரும் இருந்துவிட்டார். ஓட்டுநரின் மடியில் இன்னமும் அறுவை நடந்துகொண்டிருந்தது.

நிதானம் ஓட்டுநரை மெல்ல எழுப்பி, அறை வரை கூடவே போனார்.

திரும்பி வந்த ஓட்டுநரிடம் தங்கை, "தப்பு என்னோடதுக்கா" என்றாள்.

அவர் திட்டவில்லை. "அந்த வெள்ளையாவே இருந்திருந்தா எழுந்து போய்க் கேட்டிருப்பேம்மா. இது நடக்குதுன்னு சொல்லிச்சு. நம்பி உக்காந்துட்டேன்."

"உங்க வீட்டுக்காரரு… கோபமா இருக்காராக்கா?"

"மயக்கம் முழுசாத் தெளியலையில்ல? நர்ஸ் கையைப் புடிச்சுக்கிட்டு, நான்னு நெனச்சு என்னென்னமோ பேசியிருக்காரு. என்ன பேசுனாருன்னு அந்தப் பொண்ணு சொல்ல மாட்டேங்குது. அழுவுது."

5

முடிவு அ: தங்கை பெரியதற்குத் தலையாட்டுகிறாள். கூடத்தில் எல்லோர் கையிலும் கொஞ்ச நேரம் பனி மூட்டம்.

முடிவு ஆ: சின்னதிலேயே விட்டதை எழுதுகிறாள். எழுதித்தருகிறேன் என்று நிதானமே முன்வருகிறார் (இது உண்மை). பிறகு இன்னொன்று விட்டுப்போனது தெரிகிறது, பிறகு இன்னொன்று, ஒரு நாள் சின்னதே பீரோவாகி —

நிறுத்திவிட்டேன். எது நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுதினால் தங்கை பேச மாட்டாள். "நீயும் நானும் வெளியே நிக்கறவங்கண்ணா. உள்ளே ஆள் இருக்கறவங்களைக் கேளு" என்றாள்.

ஆகவே கேட்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் உங்களவர் படுத்திருக்கிறார். தலைக்கு மேலே யாருடைய கால்களோ போகின்றன. போனை நீட்டுங்கள். எதைப் போட்டுத் தரட்டும்?